கேரல் டப்பாவில் க்யூஆர் அட்டை

டிசம்பர் பிறந்துவிட்டால் பிச்சாட்டூர், நாகலாபுரம், சத்தியவேடு வட்டாரத்துச் சபைகளில் வாலிபர் சங்கத்தாருக்கு இராத்தூக்கம் கிடையாது என்பது அன்பர்கள் அறிந்த விஷயமே. ஒரு கிட்டார், ஒரு டிரம், தாத்தா வேஷம் போட்ட பையன் ஒருவன், பூட்டுப் போட்ட தகர டப்பா ஒன்று, இவ்வளவுதான் சாமான். ஒரு தெருவில் தமிழ்ப் பாட்டு, அடுத்த தெருவில் தெலுங்குப் பாட்டு. பாடி முடித்து ஜெபம் செய்தபின் டப்பாவை நீட்டுவார்கள். வீட்டுக்காரர் பத்தோ ஐம்பதோ போடுவார். இப்படிச் சேருகிற தொகையில்தான் ஏழைப் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கட்டணம், ஆதரவற்ற விதவைகளுக்குப் புடவை, படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு மருந்துச் செலவு எல்லாம் நடக்கிறது.

சில வருஷங்களாக டப்பாவுக்கு ஒரு புதுப் பதில் வருகிறது. "கையில பணம் இல்லப்பா, போன்பே இருக்கா?" என்று கேட்கிறார்கள். பையன்களும் சளைத்தவர்கள் அல்லர். க்யூஆர் படத்தை அச்சடித்து டப்பாவின் மேலேயே ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் அந்த அட்டை யாருடைய கணக்குக்கு உரியது என்று கேட்டுப் பாருங்கள். "நம்ம காரியதரிசி அண்ணனோடது" என்று பதில் வரும். அல்லது, "அவன் போன்லதான் நெட் நல்லா வரும், அதனால அவன் நம்பர்" என்பார்கள். இந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. அதைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள்.

முதலில் பெரியவர்கள் சொல்லும் ஆட்சேபணையைப் பார்த்துவிடுவோம். காணிக்கை என்றால் கையால் எடுத்துப் போட வேண்டும். போனைத் தட்டிக் கொடுப்பது கடைக்குக் கொடுப்பது மாதிரி இருக்கிறது என்று சபையின் மூத்தவர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். அவர்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டில் ரொக்கம் இல்லாமல் போனது ஜனங்களின் குற்றம் அல்ல. ஸ்ரீசிட்டியில் ஷிப்ட் வேலைக்குப் போகிற நம் பெண்களுக்கும் பையன்களுக்கும் சம்பளம் பாங்குக் கணக்கில் விழுகிறது. நூறு நாள் வேலைக் கூலியும் பாங்கில்தான். மளிகைக் கடை, பால்காரர், பஸ் ஸ்டாண்டு டீக்கடை எல்லா இடத்திலும் அட்டை தொங்குகிறது. ஏ.டி.எம். போய் எடுத்தால் 500 ரூபாய் நோட்டுதான் வருகிறது. அதைக் கேரல் டப்பாவில் போட எத்தனை பேரால் முடியும்?

2016 நவம்பர் 8-ந் தேதி இரவு பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபின் வந்த அந்தக் கிறிஸ்துமஸை மறந்திருக்க மாட்டீர்கள். பாங்கு வாசலில் நின்று வாங்கிய 2000 ரூபாய் நோட்டை மாற்ற வழியில்லாமல் ஊரே தவித்தது. அதே வருஷம் ஏப்ரலில்தான் தேசியக் கொடுப்பனவுக் கழகம் யூபிஐ முறையை அறிமுகப்படுத்தியிருந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடி தடவை ஜனங்கள் அதில் பணம் அனுப்பினார்கள். 2025 ஆகஸ்டில் அது 2,000 கோடியைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்துத் திருச்சபை 2018-லேயே 16,000-க்கும் மேற்பட்ட தன் ஆலயங்களுக்குக் கார்டு தட்டிக் காணிக்கை கொடுக்கும் கருவியை ஏற்பாடு செய்தது. கென்யாவில் 2007-ல் வந்த எம்-பெசா மூலம் சபைகளுக்குக் காணிக்கை அனுப்புவது சாதாரணக் காரியமாகிவிட்டது. ஆகவே வாங்கலாமா கூடாதா என்ற பேச்சுக்கு இனி இடமில்லை என்பது என் அபிப்பிராயம்.

ரொக்கம் மட்டும் ஆபத்தே இல்லாததா என்ன? நம் பக்கத்துத் திருமலையையே பாருங்கள். நோட்டு ஒழிப்புக்குப் பின்னும் பக்தர்கள் உண்டியலில் போட்ட பழைய நோட்டுகள் சுமார் 50 கோடி ரூபாய் அளவுக்குத் தேவஸ்தானத்திடம் தேங்கிவிட்டன. அவற்றை மாற்றித் தரும்படி தேவஸ்தானத் தலைவராக இருந்த ஒய்.வி. சுப்பா ரெட்டி 2020-ல் மத்திய நிதியமைச்சரிடம் கேட்க வேண்டியிருந்தது.

நிற்க. அட்டை யார் பெயரில் என்பதற்கு வருகிறேன்.

ரயில்வேயில் டிக்கெட் கவுண்டரில் உட்காரும் குமாஸ்தா, டியூட்டி தொடங்குமுன் தன் சட்டைப் பையில் சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று அதற்கென்று உள்ள ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 80 ரூபாய் இருந்தாலும் எழுத வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதலில் கோபம் வரும்; நம்மைத் திருடன் என்று நினைக்கிறார்களா என்று முணுமுணுப்பார்கள். ஒரு நாள் விஜிலென்ஸ்காரர் வந்து பெட்டியை எண்ணும்போதுதான் அந்த விதி யாருக்குப் பாதுகாப்பு என்று விளங்கும். சர்க்கார் பணமும் சொந்தப் பணமும் ஒரே இடத்தில் கிடந்தால், எது எவருடையது என்று யோக்கியனாலும் நிரூபிக்க முடியாது.

வாலிபர் சங்கக் காரியதரிசியின் கதியும் இதுதான். அவருடைய கணக்கில் கேரல் காணிக்கை வருகிறது. அதே கணக்கில் அவருடைய சம்பளம் வருகிறது, அம்மாவின் நகைக் கடன் பணம் வருகிறது, நண்பன் திருப்பிக் கொடுத்த கைமாற்று வருகிறது. அதே கணக்கிலிருந்து போன் ரீசார்ஜும் பெட்ரோலும் போகின்றன. ஜனவரியில் கணக்குக் கேட்டால் அவர் தன் போனை எடுத்து, மேலும் கீழும் தள்ளி, "இது காணிக்கை, இது இல்ல, இது... இருங்க பார்த்துச் சொல்றேன்" என்று தடுமாறுவார். அவர் ஒரு பைசா எடுத்திருக்க மாட்டார். ஆனாலும் பின் பெஞ்சில் யாரோ இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சின்ன ஊரில் அந்தப் பார்வை போதும். பையன் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வரமாட்டான். அவன் தாயார் வருவார், ஆனால் யாரிடமும் பேசமாட்டார்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. ஆன்லைன் மோசடியில் திருடிய பணத்தை மோசடிக்காரர்கள் பல கணக்குகள் வழியே தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு 300 ரூபாய் உங்கள் கணக்கைத் தொட்டுவிட்டால் போதும். எங்கோ வட தேசத்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கடிதம் வந்து, பாங்கு உங்கள் கணக்கை முடக்கிவிடலாம். 2023-ல் கேரளத்தில் சிறு கடைக்காரர்கள் பலர் இப்படி மாட்டிக்கொண்டு ஐகோர்ட் வரை போனார்கள். முழுக் கணக்கையும் முடக்காமல் போலீஸ் குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்திவைக்கும்படி கேரள ஐகோர்ட் சொல்லியது. ஆனால் கோர்ட்டுக்குப் போகிற சக்தி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? தெருத் தெருவாக நூறு வீட்டுக்குக் காட்டுகிற அட்டை, ஸ்ரீசிட்டியில் மாதச் சம்பளம் வாங்கும் 22 வயசுப் பையனுடையதாக இருக்கிறது. அது முடங்கினால் அந்த மாதம் அவன் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

இன்னொன்று. காரியதரிசிகள் மாறுவார்கள். ஒருவர் சென்னைக்குப் போவார், ஒருவர் குவைத்துக்குப் போவார். அட்டை மட்டும் டப்பாவிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வருஷக் காணிக்கை, ஊரில் இல்லாத ஒருவரின் கணக்கில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும்.

இரண்டு கையெழுத்து

ஆகவே அட்டை சபையின் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். சபைக்குக் கணக்கு இல்லாத ஊர் அநேகமாக இல்லை. வாலிபர் சங்கத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்றால் கமிட்டித் தீர்மானத்தின் நகல், பான் எண் அல்லது அதற்குப் பதிலான படிவம், கையெழுத்து அதிகாரம் பெற்றவர்களின் ஆதார் முதலிய காகிதங்கள், சங்கம் இருப்பதற்கு ஆதாரம் இவற்றைப் பாங்கு கேட்கும். எப்படியானாலும் கணக்கை இரண்டு பேர் கையெழுத்தில் வையுங்கள். ஒருவர் வாலிபர் சங்கப் பொருளாளர், மற்றவர் சபைக் கமிட்டியில் வயசான ஒருவர்.

இதில் ஒரு சௌகரியம் தானாகவே அமைகிறது. இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய கணக்கைப் போனில் வைத்துக்கொண்டு யூபிஐ மூலம் பணம் எடுக்கப் பொதுவாக முடியாது. ஆனால் பாங்கு கொடுக்கும் க்யூஆர் மூலம் பணம் உள்ளே வரும். அதாவது வருகிற கதவு போன், போகிற கதவு செக். எந்தப் பையனும் பாதிராத்திரியில் அவசரத்துக்கு 2000 எடுத்துவிட்டு நாளை வைத்துவிடலாம் என்று நினைக்க வழியே இல்லை. கட்டணத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். யூபிஐ மூலம் வரும் தொகைக்குக் கமிஷன் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் வந்த ஏற்பாடு. பணம் வந்ததும் உரக்கச் சொல்லுகிற பெட்டிக்கு மட்டும் மாத வாடகை கேட்பார்கள். கேரலுக்கு அது தேவையில்லை; பாட்டுக்கு நடுவே அது கத்தினால் நன்றாகவும் இராது.

ஒட்டிய அட்டையை நம்பலாமா?

2023 ஏப்ரலில், ரமலான் மாதத்தில், இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் ஒரு மனிதர் மசூதி மசூதியாகப் போய்க் காணிக்கைப் பெட்டிகள்மேல் தன் க்யூஆர் படத்தை ஒட்டிவிட்டார். புகழ்பெற்ற இஸ்திக்லால் மசூதியும் தப்பவில்லை. மசூதித் திருப்பணி என்று பொருள்படும் பெயரில் கணக்கை வைத்திருந்ததால் பணம் போட்டவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் இராத்திரியோடு இராத்திரியாகச் சில கடைகளின் அட்டைகள்மேல் வேறு அட்டை ஒட்டப்பட்டது. காலையில் பணம் கொடுக்க வந்தவரின் போனில் வேறு பெயர் தெரிந்தபோதுதான் கடைக்காரருக்கு விஷயம் புரிந்தது.

கேதார்நாத் விஷயம் இன்னும் வேடிக்கை. 2023-ல் நடை திறந்தபோது கேதார்நாத்திலும் பத்ரிநாத்திலும் க்யூஆர் பலகைகள் இருப்பதைப் பார்த்து, இவை எங்களுடையவை அல்ல என்று கோயில் கமிட்டியே போலீஸில் புகார் கொடுத்தது. பிறகு, 2018-ல் கமிட்டியோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஒன்று இருப்பதாகத் தெரியவந்தது. கமிட்டி மாறினால் போன கமிட்டி போட்ட கையெழுத்து வந்த கமிட்டிக்குத் தெரிவதில்லை. அவ்வளவு பெரிய ஸ்தாபனத்துக்கே அப்படி என்றால், மினிட்ஸ் புத்தகத்தை ஒவ்வொரு வருஷமும் தேடிக் கண்டுபிடிக்கிற நம் சங்கங்களைச் சொல்லவா வேண்டும்?

ரயில் கவுண்டர்களில் இப்போது டிக்கெட்டுக்குத் தக்கபடி திரையில் புதிதாக ஒரு க்யூஆர் வருகிறது; அந்தத் தொகை, அந்த டிக்கெட், அத்தோடு சரி. கேரல் டப்பாவுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே பழைய உபாயமே போதும். அட்டையை ஆலயச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டாம். பைபிள் அளவில் பிளாஸ்டிக் உறை போட்டு, ஒருவர் கையில் வைத்திருந்து, கேரல் முடிந்ததும் டப்பாவோடு பொருளாளர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஒவ்வொரு மாலையும் கிளம்புமுன் ஒருவர் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்து, திரையில் சபையின் பெயர் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். கொடுக்கிறவரிடமும், "பேரு சரியா வருதா பாருங்கம்மா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

வாலிபர் ஞாயிறன்று பிரியாணிப் பொட்டலம் விற்கிற சபைகளுக்கு வேறொரு எச்சரிக்கை. பணம் போய்விட்டது போல் பச்சைக் குறி காட்டுகிற போலி ஆப்கள் உலவுகின்றன. வாங்குகிறவர் போனைப் பார்த்துப் பொட்டலம் கொடுக்கக் கூடாது; சங்கத்துப் போனுக்குத் தகவல் வந்ததா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். அதேபோல், நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் போடத் தேவையே இல்லை. யாராவது காணிக்கை அனுப்புகிறேன், பின் போடுங்கள் என்று சொன்னால் அவர் திருடவே வந்திருக்கிறார். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற நம்பருக்குப் பேச வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பணம் பத்துக் கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

டப்பா போகக் கூடாது

இவ்வளவு சொன்னபின் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அட்டை வந்தது என்பதற்காகத் தகர டப்பாவைப் பரணில் போட்டுவிடக் கூடாது.

கேரல் போகிற வீடுகளில் பாதி, கடலை பிடுங்கவும் கரும்பு வெட்டவும் மாங்காய் பறிக்கவும் போகிறவர்களின் வீடுகள். பெரியம்மா கையில் பட்டன் போன்தான் இருக்கும். பட்டன் போனிலும் பணம் அனுப்ப 2022-ல் ஒரு வழி ஏற்படுத்தினார்கள் என்பது உண்மையே. ஆனால் இராத்திரி ஒன்பது மணிக்கு, வாசலில் இருபது பேர் நிற்க, அந்த அம்மாளை நம்பர் நம்பராக அழுத்தச் சொல்வது கொடுமை. அவர் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் 20 ரூபாயை அவிழ்த்துப் போடட்டும். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றி வருஷத்துக்கு ஒரு தரமாவது பிரசங்கம் கேட்கிற நமக்கு இது தெரியாததல்ல. மிசோரத்துச் சபைப் பெண்கள் சமைக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் வழக்கத்தை 1910-ல் ஆரம்பித்தார்கள். காசே இல்லாத வீடும் கொடுக்க முடியும் என்ற நினைப்பில் எழுந்த ஏற்பாடு அது.

டப்பாவில் போட்டால் யார் எவ்வளவு போட்டார் என்று டப்பாவுக்குத் தெரியாது. போன் அப்படி அல்ல. பெயர், தொகை, மணி, நிமிஷம் எல்லாம் பதிந்துவிடுகிறது. அதை யார் பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம். சில இடங்களில் ஆர்வக்கோளாறு கொண்ட பிள்ளைகள் அந்தத் திரையைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட்டு, 'நன்றி அண்ணா' என்று கைகூப்பிய பொம்மையும் போடுகிறார்கள். ஆயிரம் கொடுத்தவர் பெயர் மேலே, முப்பது கொடுத்தவர் பெயர் கீழே. முப்பது கொடுத்தவர் மறு வருஷம் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறார். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்ற போதனையை வாரந்தோறும் கேட்கிற சபையில் இது நடக்கலாமா? பெயர்ப் பட்டியல் பொருளாளரிடமும் ஆடிட்டரிடமும் இருந்தால் போதும். சபைக்குத் தேவை மொத்தத் தொகையும் செலவு விவரமும்தான்.

ஏலம் விடுகிற சபைகளில் மட்டும் நிலைமை வேறு. ஒரு முட்டையை 500 ரூபாய்க்கு எடுத்தவர் தம் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார், சொல்லிவிட்டுப் போங்கள்.

வெளிநாட்டுப் பணம்

நம் வட்டாரத்தில் வளைகுடாவுக்குப் போகாத தெரு இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் அங்கிருந்து, "கேரல் வீடியோ பார்த்தேன், அட்டையை அனுப்புங்க, நானும் போடறேன்" என்று சேதி வரும். 2023 முதல் சிங்கப்பூர், ஐக்கிய அரபு எமிரேட்ஸ் முதலிய சில நாடுகளில் உள்ள நம்மவர்கள், இங்குள்ள தங்கள் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கிலிருந்து அந்த நாட்டுப் போன் நம்பரிலேயே யூபிஐ அனுப்ப வழி ஏற்பட்டுள்ளது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தைப் பாங்கு வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அவர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், பிச்சாட்டூரிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு பெற்ற ஸ்தாபனம்தான் அதை வாங்கலாம். 2020-ல் செய்த திருத்தத்துக்குப் பின் அதுவும் புது டில்லி ஸ்டேட் பாங்கு மெயின் கிளையில் உள்ள கணக்கில்தான் வர வேண்டும். அமெரிக்கப் பிரஜையான சித்தப்பா ஆசையாக அனுப்பும் 5000 ரூபாய், சபையின் பெயரையே சிக்கலில் மாட்டிவிடலாம். அட்டையின் படத்தை வாட்ஸப்பில் ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

கணக்கு வாசிப்பதைப் பற்றியும் ஒன்று. பிச்சாட்டூர் 2022 ஏப்ரலில் சித்தூர் ஜில்லாவிலிருந்து திருப்பதி ஜில்லாவுக்குப் போய்விட்டது. ஆனாலும் நம் சபைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து வரும், பாதிப் பேருக்குத் தெலுங்கு எழுத்துதான் வரும். ஜனவரி இரண்டாவது ஞாயிறுக்குள் ஒரே காகிதத்தில் இரண்டு மொழியிலும், டப்பாவில் வந்தது இவ்வளவு, போனில் வந்தது இவ்வளவு, செலவு இன்னின்னது என்று எழுதி ஆலய வாசலில் ஒட்டிவிடலாம். பாங்கு ஸ்டேட்மெண்டின் நகலும் பக்கத்தில் இருக்கட்டும், கொடுத்தவர்கள் பெயரை மட்டும் மறைத்துவிட்டு.

சபைக் கமிட்டியார் இந்தக் காரியத்தைச் செப்டம்பரிலேயே எடுத்துக்கொள்வது நல்லது. தீர்மானம் போட ஒரு கூட்டம், பான் விவரம் வாங்க மேலிடத்துக்கு ஒரு கடிதம், கையெழுத்துக்காரர் இருவரையும் ஒரே நாளில் பாங்குக்கு அழைத்துப் போக ஒரு லீவு நாள், இவ்வளவும் ஆக வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் மானேஜர் முன்னால் போய் நின்றால் அட்டை பொங்கலுக்குத்தான் கைக்கு வரும்.